ஆலோசகர்க்கு ஓர் ஆலோசனை

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நள்ளிரவுக்குப் பின்னும் மடிக்கணினிகள் ஒளிரும் வீடுகள் உண்டு. அங்கே விழித்திருப்போருள் மேலாண்மை ஆலோசகர்களும் அடங்குவர். பிற நிறுவனங்களின் சிக்கல்களை ஆராய்ந்து தீர்வு கூறுவது அவர்தம் தொழில். அயல்நாட்டாரின் பகற்பொழுது, இவர்களுக்கு இரவுப்பணி ஆகிறது.

மேலாண்மைச் சிந்தனையில் உலகப்புகழ் பெற்ற சி.கே. பிரகலாத், கோவையில் பிறந்து சென்னை இலயோலா கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். ஒரு நிறுவனம் தனக்கே உரிய அடிப்படை வலிமையைக் கண்டறிந்து வளர்க்க வேண்டும் என்பதை, 1990இல் கேரி ஹேமலுடன் இணைந்து எழுதிய கட்டுரையில் அவர் விளக்கினார். வலிமையை அறிதல் என்பது அதன் எல்லையை அறிதலும் ஆகும். திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம் இதனையும் உணர்த்துகிறது.

நிறுவனத்திற்குப் பொருந்தும் இவ்வறிவு தனிமனிதருக்குப் பொருந்தாதா? ஆலோசகரின் மூலதனம் தெளிந்த சிந்தனை. உறக்கம் இழந்தவரிடம் அஃது எவ்வாறு நிலைக்கும்? ஓய்வின்மையை உழைப்பின் அடையாளமாகக் கொள்வது பிழை. பணிநேரத்திற்குப் பின் அலுவலகத் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்சு நாட்டுச் சட்டம் 2017 முதல் ஏற்றுள்ளது. அத்தகைய சட்டம் நமக்கும் தேவை.

மாணவர்களே! நாளை இத்துறையில் நுழைவோர் திறமையோடு, 'இதற்குமேல் இயலாது' என்று பணிவுடன் கூறும் துணிவையும் கற்றுச் செல்லுங்கள். பிறர்க்கு வழிகாட்டுவோர் தம் வாழ்வைத் தொலைத்துவிடலாகாது.