பழைய டிராக்டரும் புதுச் சாயமும்

நம்மவர் சிலர் கூட்டாகப் பணம் போட்டுப் பழைய டிராக்டர் வாங்க முனைந்திருப்பது வரவேற்கத்தக்கதே. வாடகை வண்டிக்காகக் கைகட்டி நிற்கும் நிலை மாறும். ஆனால், விற்பவர் பூசிய சிவப்புச் சாயத்தில் மயங்கி, மரம் வெட்டிச் சேர்த்த வெள்ளியைக் கொட்டிவிடலாமா?

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். எண்ணெய் அளவுக் கோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்துவிட்டது. பால் நமக்கு மரத்தில் இருக்கட்டும், இயந்திரத்தில் வேண்டாம்!

மாஸி பெர்கூசன் 35 கிடைத்தால், மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இயந்திரம் உள்ளதையே வாங்கச் சொல்வேன். அதற்கு முந்திய நான்கு சிலிண்டர் டீசல், குளிர்ந்த நிலையில் கிளம்ப அடம்பிடிப்பதில் பெயரெடுத்தது. பின்னர் 1964-இல் வந்த 135-இலும் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸே என்பதால் உதிரிப் பாகம் தேடுவது எளிது. பின் டயர்கள் தேய்ந்திருந்தால் அவற்றின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

வாங்கியபின் முதல் வெள்ளி எதற்கு? சாயத்துக்கல்ல, பிரேக்குக்கு! இடச் சக்கரத்துக்கு ஒரு மிதி, வலச் சக்கரத்துக்கு ஒரு மிதி. ஒன்று பிடித்து மற்றது பிடிக்காவிட்டால், இறக்கத்தில் வண்டி ஒரு பக்கம் இழுத்துப் புரண்டுவிடும். ஓட்டப்போகிறவன் நம் லயத்துப் பிள்ளை.

இன்னொன்று. வண்டி ஒருவர் பெயரிலும் பணம் பத்துப் பேருடையதாகவும் இருந்தால் பின்னால் வழக்குத்தான். முன்பணம் கொடுக்குமுன்பே பங்குக்காரர் அனைவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். எழுதத் தயங்குவோர் மாலையில் என் மேசைக்கு வரலாம். தாளும் பேனாவும் இருக்கின்றன.