ஊர் திரும்பிய முதியோரும் வருமான வரியும்

உத்திரமேரூர் வட்டத்துக் கிராமங்களில் பிறந்து, ஏரி நீரையும் வானத்தையும் நம்பிய வேளாண்மை குடும்பம் காக்கப் போதாமையால் கடல் கடந்து, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடா தேசங்களிலும் முப்பது வருஷம் உழைத்து, நரை கண்ட பின் சொந்த ஊருக்கே திரும்பியவர்கள் உண்டு. அன்னார் அங்கே ஈட்டிய சிறு பொருளைப் பற்றி நமது வருமான வரிச் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை. 1961-ம் வருஷத்துச் சட்டத்தை அகற்றி, 2026 ஏப்ரல் 1-ந் தேதியை ஆரம்ப நாளாகக் கொண்டு 2025-ம் வருஷத்துச் சட்டம் இயற்றப்பட்டிருக்கும் சமயத்தில் இவ்விஷயத்தை நமது நேயர்கள் முன் வைப்பது அவசியமென்று கருதுகிறோம். புதிய சட்டம் நடையைச் சுருக்கிற்று. பிரிவுகளின் எண்களை மாற்றிற்று. ஊர் திரும்பியவனுடைய கஷ்டத்தை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டது.

சட்டத்தின் சாரம் இதுதான். ஒரு வருஷத்தில் 182 நாள் இந்நாட்டில் தங்கியவன் இந்நாட்டு வாசி. வாசியானவனுக்கு உலகத்தில் எந்த மூலையில் வருமானம் பிறந்தாலும் அதற்கு இங்கே வரி உண்டு. ஆயினும் நெடுநாள் வெளியே இருந்து திரும்பியவனை உடனே பிடிப்பது நியாயமன்று என்பதற்காக, வாசிதான், ஆனால் சாதாரணமாக வசிப்பவன் அல்லன் என்று ஒரு நடுவகை வைத்திருக்கிறார்கள். அந்த வகையில் இருக்கும் வரையில் வெளிநாட்டு வட்டிக்கும் வாடகைக்கும் பென்ஷனுக்கும் இங்கே வரி கிடையாது. அந்த நிழல் எத்தனை வருஷம் நீடிக்கும் என்பதே கேள்வி.

இந்த நடுவகையின் வரலாறு விநோதமானது. 1939-ம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தில் அது முதலில் புகுந்தது. அதுவரை வெளிநாட்டு லாபத்தை இங்கே கொண்டு வந்தால்தான் பெரும்பாலும் வரி. கொண்டு வராவிட்டாலும் வரி உண்டு என்று அந்தச் சட்டம் ஆக்கியபோது, பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் பெரிதும் முறையிட்டனர். சில வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுக் கப்பலேறும் ஆங்கிலேயருக்கோ நடுவகை நல்ல குடையாக வாய்த்தது. அன்னியனுக்குப் பிடித்த குடையின் கீழ் இன்று நம்மூர்க் கிழவர் ஒதுங்க வேண்டியிருக்கிறது. அதுவும் வர வர மடங்கிக் கொண்டே போகிறது.

பழைய சொற்களின்படி திரும்பியவனுக்கு ஒன்பது வருஷம் வரையில் நிழல் உண்டென்று பொருள் கொள்ள இடமிருந்தது. இலாகா அதை ஒப்பவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்று, 2008-ல் வரி செலுத்துவோன் பக்கமே தீர்ப்பாயிற்று. ஆனால் தீர்ப்பு வருவதற்கு ஐந்து வருஷம் முன்னரே, 2003-ல், சர்க்கார் சட்டத்தின் சொற்களையே மாற்றிவிட்டார்கள்! கோர்ட்டில் ஜயித்தது பழைய வருஷங்களுக்கு; இனி வரும் வருஷங்களுக்குத் தோல்வி. முந்திய பத்து வருஷத்தில் ஒன்பது வருஷம் வெளிநாட்டு வாசியாக இருந்தவனுக்கே சலுகை என்று ஆன பிறகு, நிழல் இரண்டு வருஷம். முன் ஏழு வருஷத்தில் இங்கே தங்கிய நாட்கள் 729-க்கு மேற்படாமலிருந்தால் மூன்றாவது வருஷமும் கிட்டலாம். வக்கீல் தொழில் செய்யும் நாமே இந்தப் பிரிவை மூன்று முறை வாசித்தால்தான் கணக்குப் பிடிபடுகிறது. கட்டிட வேலைக்குப் போய் வந்தவர் கதி என்ன?

2020-ல் ஒரு நல்ல சந்தர்ப்பம் வந்து நழுவிற்று. அவ்வருஷத்து நிதி மசோதா, இங்கே வந்து போகும் பிரஜைகளுக்கு 182 நாள் என்றிருந்ததை 120 நாளாகக் குறைத்தது. வேறெந்த தேசத்திலும் வரிக்கு உட்படாத இந்தியப் பிரஜையை இந்நாட்டு வாசியாகவே கருதலாமென்றது. வளைகுடாவில் உழைப்போர் கலங்கினர். கேரள முதல் மந்திரி ஸ்ரீ பினராயி விஜயன் பிரதம மந்திரிக்கு எழுதினார். பிறகு, இந்நாட்டில் 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவருக்கே அவ்விதிகள் என்று வரம்பு கட்டினார்கள், அது நியாயமே. ஆனால் அதே மசோதாவில், பத்தில் ஒன்பது என்பதைப் பத்தில் ஏழு என்று தளர்த்தும் ஷரத்து ஒன்றும் இருந்தது. அது நிறைவேறியிருந்தால் ஊர் திரும்பியவனுக்கு நான்கு வருஷ நிழல் கிடைத்திருக்கும். மசோதா சட்டமானபோது அந்த ஷரத்து காணாமற்போயிற்று. கூச்சலிட ஆளிருந்த விஷயத்தில் நிவாரணம் கிடைத்தது; ஆளில்லாத விஷயத்தில் கிடைக்கவில்லை.

வரியைக் காட்டிலும் கொடியது அபராதம். ஒரு முதியவரை மனத்தில் வைத்துப் பாருங்கள். கிள்ளானில் முப்பது வருஷம் வேலை. அங்கே சேமநிதியில் கொஞ்சம் பணம், பாங்கில் கொஞ்சம் டிபாசிட், ஒரு சிறு வீடு. வீட்டு வாடகையும் வட்டியும் சேர்த்து வருஷத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் வருகிறதென்று கொள்வோம். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரையில் சாதாரண வருமானத்துக்கு வரியே இல்லை. ஆகவே அவர் சர்க்காருக்கு ஒரு காசும் கடன்பட்டவர் அல்லர். ஆனாலும், நிழல் நீங்கிய வருஷம் முதல், வரி உண்டோ இல்லையோ, அவர் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். வெளிநாட்டுச் சொத்து ஒவ்வொன்றையும் தனி அட்டவணையில் எழுத வேண்டும். வரிக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரையில். அந்த அட்டவணை மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரையில்! எழுதத் தவறினால் 2015-ம் வருஷத்துக் கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். வரி பூஜ்யம், அபராதம் பத்து லட்சம்!

2024-ல் இதற்கு ஒரு தளர்வு செய்தார்கள். மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்துக்கு, அவ்வருஷம் அக்டோபர் 1 முதல், இந்த அபராதம் இல்லை. வரவேற்கிறோம். ஆனால் வீடும் நிலமும் இந்தத் தளர்வில் சேரா. பாங்கில் பணமாக வைத்தவன் தப்பினான். அதே பணத்தில் தலைக்குமேல் ஒரு கூரை வாங்கியவன் அகப்பட்டான். இந்தப் பாகுபாட்டுக்கு என்ன காரணம் சொல்லுவார்களோ நாம் அறியோம்.

2021-ல் வந்த மற்றொரு சலுகையையும் பாருங்கள். வெளிநாட்டு ஓய்வுக்கால நிதியில் ஆண்டுதோறும் ஏறும் லாபத்துக்கு, அது கைக்கு வரும் வருஷத்தில் வரி செலுத்தினால் போதும் என்றார்கள். அந்தச் சலுகைக்கென்று அறிவிக்கப்பட்ட தேசங்கள் அமெரிக்கா, பிரிட்டன், கனடா. மலேசியாவும் சிங்கப்பூரும் அந்த ஜாபிதாவில் இல்லை. அங்கே சேமநிதியை எடுக்கும்போது வரி இல்லையாதலால் இரட்டை வரி நேராது என்று இலாகா பதில் சொல்லலாம். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. எனினும், இன்னும் கைக்கு வராத பணத்தை வருமானமென்று எழுத வேண்டிய சங்கடம் டாக்டருக்கும் இஞ்சினீயருக்கும் நீங்கலாம், தொழிலாளிக்கு நீங்கலாகாதோ?

வெளிநாட்டில் கோடிகளை ஒளித்து வைப்போருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஏழை நாட்டின் வரியைத் திருடுவோன் தேசத்துரோகி. 2017 முதல் பல தேசங்களுடன் பாங்குக் கணக்கு விவரங்களை இந்தியா பரிமாறிக் கொள்ளுவதும், 2024 நவம்பரில் இலாகா குறுஞ்செய்தி அனுப்பி எச்சரித்ததும் சரியே. வெளிநாட்டில் வசித்தபோது சட்டப்படி சம்பாதித்ததைத் திரும்பிய பின்னும் அங்கேயே வைத்திருக்க 1999-ம் வருஷத்து அன்னியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. அனுமதியுள்ள பொருளை அட்டவணையில் எழுத மறந்தவனும், கள்ளப் பணத்தைப் பதுக்கியவனும் ஒரே பட்டியில் அடைக்கப்படுவதைத்தான் ஆக்ஷேபிக்கிறோம்.

அன்னிய ஆட்சி தன் உத்தியோகஸ்தர்களை எப்படி நடத்திற்று என்பதையும் நினைவூட்டுவோம். இந்நாட்டுப் பொக்கிஷத்திலிருந்து பென்ஷன் பெற்றுக்கொண்டு இங்கிலாந்தில் நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கு, அந்தப் பென்ஷன் மீது இந்தியாவில் எவ்வித வரியும் கூடாதென்று 1935-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். நம் பணத்தில் ஓய்வு பெற்ற வெள்ளையனுக்கு அவ்வளவு காபந்து! அன்னிய மண்ணில் உழைத்து இந்த மண்ணுக்குப் பணம் அனுப்பிய நம்மவனுக்கு இரண்டு வருஷ நிழல். அந்த இங்கிலாந்தே 2025 ஏப்ரலில் தன் பழைய சலுகைகளை ஒழித்தபோது, பத்து வருஷம் வெளியே இருந்து வருவோருக்கு வெளிநாட்டு வருமானத்தில் நான்கு வருஷம் விலக்கு அளித்தது. திரும்பி வரும் சொந்தப் பிரஜைக்கும் அது உண்டு. மலேசியா, தன் வாசிகள் வெளியிலிருந்து கொண்டு வரும் வருமானத்துக்குச் சில நிபந்தனைகளுடன் 2036 வரையில் விலக்கை நீட்டியிருக்கிறது.

நாம் கேட்பது அதிகமன்று. 2020-ல் சர்க்கார் தாமே எழுதிய பத்தில் ஏழு என்ற ஷரத்தை மீண்டும் கொண்டு வரட்டும். வரி பாக்கி இல்லாதவனுக்கு அபராதம் இல்லை என்றோ, இருந்தாலும் பாக்கிக்குத் தக்க அளவே என்றோ திருத்தட்டும். வசிக்கும் சிறு வீட்டையும் 20 லட்சம் வரம்புக்குள் சேர்க்கட்டும். 2026 பிப்ரவரியில் நிதி மந்திரி தம் வரவு செலவு உரையில், வெளிநாட்டுச் சொத்தைச் சொல்லத் தவறிய சிறியோருக்கு ஆறு மாத அவகாசம் அறிவித்தார். ஊர் திரும்பியவர்களையும் அதில் குறிப்பிட்டார். நல்லதே. ஆனால் அத்தகைய அவகாசம் உண்டென்பதைக் கிராமத்தான் எப்படி அறிவான்? சட்டத்தின் அதிகாரபூர்வமான வாசகம் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் இருக்கிறது. விவரம் கேட்கக் காஞ்சீபுரத்துக்குப் பஸ் ஏறி ஆடிட்டரைத் தேட வேண்டும். ஆடிட்டர் உண்டென்பதே தெரியாதவர் ஏறவும் மாட்டார்.

உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதற் பராந்தக சோழர் காலத்துச் சாசனங்கள் இருக்கின்றன. குடவோலையில் பெயர் எழுதத் தகுதி யாருக்கு, வரி செலுத்தும் நிலம் எவ்வளவு வேண்டும், கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் சுற்றத்தாருக்கும் என்ன தடை என்பதெல்லாம் அங்கே வெட்டப்பட்டுள்ளன. 919-ல் ஏற்படுத்திய முறையில் குறை கண்டு 921-ல் திருத்தினார்கள்; திருத்தத்தையும் அதே கோயிலில் கல்லில் வெட்டினார்கள். விதி மாறியதென்றால் மாறிய விதி ஊரார் கண்ணில் பட்டது. அந்த ஊரின் தாலுகா ஆபீஸிலும் தபாலாபீஸிலும் தமிழில் ஒரு பலகை வைப்பது வருமான வரி இலாகாவுக்கு இயலாத காரியமா? ஊர் திரும்பிய எத்தனையாவது வருஷம் முதல் வெளிநாட்டு வருமானத்தைச் சொல்ல வேண்டும், எந்தச் சொத்தை எந்த அட்டவணையில் எழுத வேண்டும், கடைசித் தேதி எது, யாரிடம் கேட்க வேண்டும் என்று நாலு வரி போதும். கணக்குத் தாக்கல் செய்யும் ஜூலை மாதத்துக்கு முன் அதை வைக்கும்படி ஜில்லா அதிகாரிகளைக் கேட்டுக் கொள்ளுகிறோம். ஆங்காங்குள்ள தேசத் தொண்டர்களும் இலாகாவுக்காகக் காத்திராமல், தத்தம் கிராமத்தில் ஊர் திரும்பிய முதியோரை நேரில் கண்டு, பாங்குப் புத்தகத்தையும் பழைய சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்தும்படி சொல்லி வருவார்களாக.