'வெட்டரன்' என்றால் யார்?



சிதம்பரத்தில் நண்பர் ஒருவரின் மளிகைக் கடைத் திறப்பு விழா. அழைப்பிதழில் நமது பெயருக்கு முன்னால் 'வெட்டரன் வியாபாரி' என்று அச்சிட்டிருந்தார்கள். பள்ளிப் படிப்போடு கல்லாவுக்கு வந்தவர் நாம். பொருள் விளங்காமல் பேரனைக் கேட்டோம். "அனுபவசாலி என்று அர்த்தம், தாத்தா" என்றான்.

மேலும் விசாரித்தோம். 'பழைய' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம் இது. பணிக்காலம் முடித்த ரோமானியப் போர்வீரனுக்கே முதலில் இந்தப் பெயர். அவனுக்கு நிலமோ பணமோ கொடுத்து அனுப்புவது அங்கே வழக்கம். அமெரிக்காவில் படையிலிருந்து திரும்பியவர் இளைஞரானாலும் வெட்டரன்தான். நம் நாட்டில், ராணுவத் தலைமைத் தளபதி கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற ஜனவரி 14-ஆம் நாளை முன்னாள் படைவீரர் தினமாகக் கொண்டாடுகிறோம். பிறகு நடிகர், அரசியல்வாதி என்று பரவி, இப்போது வியாபாரியிடமும் வந்துவிட்டது இச்சொல்.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. 'முதுபெரும் தலைவர்' என்கிறோம். அந்த 'முது' நம் கடலூர் முதுநகரின் பெயரிலேயே இருக்கிறது. பேச்சு வழக்கில் 'பழம் தின்று கொட்டை போட்டவர்'.

ஆனால் விழாவில் நம் மனதை உறுத்தியது வேறு. நம்முடன் வந்திருந்த எடைக்காரருக்கு நம் கடையில் 38 வருஷ சர்வீஸ். உளுந்தைப் பல்லில் கடித்தே ஈரப்பதம் சொல்வார். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் அடித்தபோது, முதல் நாளே அடி மூட்டைகளை மேலே ஏற்றிச் சரக்கைக் காப்பாற்றியவர் அவர். நாமோ புயல் திசை மாறிவிடும் என்று இருந்தோம். மாலை நமக்கு விழுந்தது. அவர் வாசலில் நின்றார். உண்மையில் வெட்டரன் யார்?

1972-இல் வந்த பணிக்கொடைச் சட்டம், 10 பேராவது வேலை பார்க்கும் கடைகளுக்கே என்று வந்தது. வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது அதன் கணக்கு. நம் சங்கத்தில் பலருடைய கடைகளில் நாலைந்து பேர்தான். சட்டம் கேட்காது, மனசாட்சி கேட்கும்.

வியாபாரம் மந்தம் என்பீர்கள். மெய்தான். மொத்தமாக முடியாவிட்டால் மாதாமாதம் ஒதுக்கலாமே! ஊர் திரும்பியதும் எடைக்காரருக்கு அதே கணக்கைப் போட்டோம். மூன்று தவணையில் அவர் பெயரில் தபால் நிலையத்தில் கட்ட முடிவு செய்து, முதல் தவணையைக் கட்டியும் விட்டோம்.

ரோமாபுரியில் பட்டத்தோடு பணமும் கொடுத்தார்கள். நாம் பட்டத்தை மட்டும் இரவல் வாங்கினால் போதாது.