கடைசித் தேதி இல்லாத வேலைகள்

"2025 எப்படிப் போச்சு?" என்று யார் கேட்டாலும் "ஓடியே போச்சு சார்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது என் வழக்கம். டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நொய்டா குளிரில் ரஜாயை விட்டு வெளியே வர மனசில்லாமல், செல்போன் காலண்டரை ஜனவரியிலிருந்து தள்ளிப் பார்த்தேன். அட, இவ்வளவு வேலை பார்த்திருக்கிறேனா என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

ஆபீசில் பிடுங்கிய ஆணிகளைச் சொன்னால் ஒரு நாள் போதாது. மார்ச்சில் வருஷக் கணக்கு முடிப்பு, ஜூனில் ஹைதராபாத்துக்கு மூன்று நடை, நடுவில் புது டேமேஜர். வீட்டில் பெரியவனுக்குப் பத்தாம் வகுப்பு. பிப்ரவரி 15ல் பரீட்சை ஆரம்பித்து மார்ச் 18ல் முடிகிற வரைக்கும் டிவிக்கு லீவு. அப்புறம் பதினொன்றாம் வகுப்பு அட்மிஷன். வருமான வரிக் கணக்குக்கு ஜூலை 31ஐ செப்டம்பர் 15க்குத் தள்ளிக் கொடுத்தார்கள். நானும் மறக்காமல் செப்டம்பர் 14 ராத்திரி போட்டேன் :-)

தீபாவளிக்கு ஊர் டிக்கெட்டும் அப்படித்தான். 2024 நவம்பரில் முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். நிஜாமுதீனிலிருந்து மதுரைப் பக்கம் போகிற சம்பர்க் கிராந்தி, திருக்குறள் இரண்டுமே வாரம் இரண்டு நாள்தான். நாலு பேருக்கு விமான டிக்கெட் விலை பார்த்தால் மயக்கம் வருகிறது. ஆகவே ஆகஸ்டில் ஒரு நாள் காலை 8 மணிக்கு நானும் தங்கமணியும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்து டிக்கெட்டைப் பிடித்தோம்.

இதில் ஒன்றைக்கூட நான் தவற விடவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு கடைசித் தேதி இருந்தது, அவ்வளவுதான். காலண்டரில் இல்லாத இரண்டு வேலைகள் மட்டும் அப்படியே நின்றுபோயின.

ஒன்று, அம்மாவின் கண். பொங்கலுக்கு நான் மட்டும் திருமங்கலம் போயிருந்தபோது, இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அதிகம் என்று டாக்டர் சொன்னார். "அவசரமில்லை, ஆனா ஆறு மாசத்துக்குள்ள பண்ணிடுங்க" என்றார். அம்மா, "நீ அடுத்து வர்றப்ப பாத்துக்கலாம் தம்பி" என்றார். சித்திரையில் அட்மிஷன் அலைச்சல். ஜூனில் ஹைதராபாத். ஒவ்வொரு தடவையும் போனில் "ஒண்ணும் அவசரமில்லப்பா, வேலையைப் பாரு" என்பார். டாக்டர் சொன்னதில் "அவசரமில்லை" மட்டும்தான் எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

இரண்டாவது, சின்னவளின் தமிழ். மூன்றாம் வகுப்பு. பள்ளியில் ஹிந்தியும் ஆங்கிலமும்தான். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் தமிழ் உண்டு, ஆனால் எங்கள் வீட்டுப் பக்கம் ஒன்றும் இல்லை. அதனால் ஞாயிறு காலையில் அரைமணி நேரம் நானே சொல்லிக் கொடுப்பதாக ஏற்பாடு. மார்ச்சில் அப்பத்தாவுக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதிப் போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். "லெட்டர் வந்துச்சா அப்பத்தா?" "வந்துச்சு தங்கம், அழகா எழுதியிருக்க." அதற்கப்புறம் ஹிந்தி டெஸ்ட், நீச்சல், யாரோ ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் என்று அந்த அரைமணி நேரம் சத்தமில்லாமல் காணாமல் போனது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனோம். விளக்கேற்றத் தீப்பெட்டி தேடி மேசை டிராயரைத் திறந்தால், உள்ளே அந்த இன்லண்ட் லெட்டர். ஒட்டியது ஒட்டியபடி. பிரிக்கவே இல்லை.

"எழுத்து தெரியல தம்பி. பக்கத்து வீட்ல குடுத்துப் படிக்கச் சொல்லலாம். பேத்தி எனக்கு எழுதுனத அடுத்தவுகளா படிக்கிறதுன்னு வச்சிருந்தேன். நீ வந்தா படிப்பேல்ல?"

ஏழு மாசம். நான் படிக்காமல் சின்னவளிடம் கொடுத்தேன். முதல் வரியைத் தட்டுத்தடுமாறிப் படித்தாள். இரண்டாவது வரியில், அவளே எழுதிய "ழ"வைக் காட்டி "அப்பா, யே க்யா ஹை?" என்று கேட்டாள். அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று ராத்திரியே டேமேஜருக்கு நாலு நாள் கூடுதல் லீவு கேட்டு மெயில் அனுப்பினேன். "ஓகே" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. பத்து மாசமாக நான் பயந்தது இதற்குத்தான்! தங்கமணியும் பிள்ளைகளும் எடுத்த டிக்கெட்டில் கிளம்பினார்கள். நான் அம்மாவை மதுரைக்கு, 1976ல் 11 படுக்கையோடு தொடங்கிய அந்த அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். ஆபரேஷன் எங்கள் ஆபீஸ் மீட்டிங் ஒன்றைவிடச் சீக்கிரம் முடிந்தது. அன்றைக்கே கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். நான் தட்கலில் திரும்பினேன்.

வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விடுவோம் என்று நான் சொல்ல வரவில்லை. வைத்தியம் பார்க்கிற காசும் இந்த ஆணி பிடுங்குவதில்தான் வருகிறது. லீவே கிடைக்காத வேலையில் இருப்பவர்களின் கஷ்டமும் தெரியும். ஆனால் நம்மில் பலர் சொல்கிற "நேரமே இல்லை" என்பதை இனி நான் நம்புவதாக இல்லை. எதற்கு அபராதம் உண்டோ, யார் சத்தம் போடுகிறார்களோ, அங்கே நம் நேரம் போய்விடுகிறது. அப்பா அம்மா அபராதம் போட மாட்டார்கள். "அவசரமில்லை" என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. ஆகவே தேதியை நாம்தான் போட வேண்டும்.

2026 காலண்டரில் நான் முதலில் எழுதியது அம்மாவின் இடது கண்ணுக்கான தேதி. அதிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி, டிக்கெட் எடுக்க வேண்டிய நாள். அப்புறம் எல்லா ஞாயிறும் காலை 10 முதல் 10.30 வரை தமிழ். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. ஆபீஸ் வேலைகள் மிச்ச இடத்தில் உட்காரட்டும்.

நவம்பர் கடைசியில் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மா அந்த லெட்டரைப் போனில் முழுதாகப் படித்துக் காட்டினார். "பள்ளிகூடம் இல்ல தங்கம், நடுவுல ஒரு 'க்' போடணும்" என்று திருத்தமும் சொன்னார்.

உங்கள் வீட்டில் "அவசரமில்லை" என்று எது காத்துக்கொண்டிருக்கிறது? முதலில் அதற்கு ஒரு தேதி போடுங்கள்.