நோயாளி எந்த மொழியில் எழுத வேண்டும்?

பிளினடுமோமாப் என்ற பெயரை முதன்முதலில் கேட்டபோது, மொழியியல் பயின்ற பழக்கத்தால் அதை உருபன்களாகப் பிரித்துப் பார்த்தேன். ‘மாப்’ ஓரின எதிர்ப்பொருளைக் குறிக்கும் ஈறு. ‘டும்’ கட்டியைக் குறிக்கிறது. நடுவிலுள்ள ‘ஓ’ சுண்டெலி மூலத்தை. இவ்வளவு சொல்லும் பெயர் நோயாளிக்குத் தேவையான எதையும் சொல்வதில்லை.

ஏ.எல்.எல். எனப்படும் தீவிர இரத்தப் புற்றுநோயின் பி-செல் வகைக்கு 2014 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து இது. ஒருபுறம் புற்றணுவின் சிடி19 புரதத்தையும் மறுபுறம் நோயாளியின் டி-செல்லிலுள்ள சிடி3 புரதத்தையும் பற்றி, இரண்டையும் நெருங்க வைக்கிறது. உடலில் விரைவில் நீங்கிவிடுவதால், பொதுவாக ஒரு சுற்றுக்கு 28 நாட்கள் இரவும் பகலும் பம்பு வழியே செலுத்துகிறார்கள். பம்பைத் தாமாக நிறுத்துவதோ குழாயைக் கழுவிவிடுவதோ கூடாது; குழாயில் தங்கிய மருந்து ஒரேயடியாக உட்சென்றுவிடும். காய்ச்சலையும் மூச்சுத்திணறலையும் உடனே தெரிவிக்க வேண்டும். இம்மருந்து ஏறும் நாட்களில் வண்டி ஓட்டக்கூடாது.

என்னைக் கவலைக்குள்ளாக்குவது நரம்புப் பாதிப்பு: நடுக்கம், மனக்குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், வலிப்பு. இதை முன்கூட்டியே அறியப் பல மருத்துவமனைகளில் நாள்தோறும் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி, கையெழுத்தை முந்தைய நாளோடு ஒப்பிடுகிறார்கள். எளிய, அருமையான சோதனை.

நான் ஆய்வு செய்யும் வடஇந்திய நகரில், தமிழ் மட்டுமே அறிந்த ஓர் அம்மையாருக்கு மொழிபெயர்க்கச் சென்றிருந்தேன். அவரிடம் கையொப்பம் மட்டும் வாங்கினார்கள், கேள்விகள் இந்தியில். அவர் தயங்கியது மருந்தாலா, மொழியாலா? செவிலியரால் எப்படிப் பிரித்தறிய முடியும்? கையொப்பம் பழக்கத்தில் வருவது. பேச்சிழப்பு நோயிலும் பழகிய தொடர்கள் பிழைத்திருப்பதை நாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம்.

ஒப்புதல் படிவத்தைத் தாய்மொழியில் தருவது மரியாதை சார்ந்த செயல் என்றே நம் கல்விப்புலம் பேசிவருகிறது. இங்கோ அது நோயறிதலின் பகுதி. மொழிபெயர்ப்பாளருக்கு நிதி எங்கே என்பார்கள். முதல் நாள், மருந்து ஏறுமுன், நோயாளியின் மொழியில் ஒரு வாக்கியமும் ஒரு நிமிடப் பேச்சுப்பதிவும் எடுத்துவைக்க என்ன நிதி வேண்டும்? மாற்றத்தை முதலில் உணரக்கூடியவர் உடனிருக்கும் உறவினர். “இவர் பேச்சு இப்படி இராது” என்று அவர் சொன்னால், அதைக் காய்ச்சல் அளவைப் போலக் குறிப்பேட்டில் பதிய வேண்டும்.

அந்த அம்மா தேர்ந்தெடுத்த வாக்கியம், “மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா?” மறுநாள் முதல் அதையே எழுதினார். தமிழறியாத செவிலியர் முந்தைய நாள் தாளை அருகில் வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார்.