கொண்டதும் கொடுத்ததும்

நம் பிள்ளைகளை அழைத்துக் "கடாரங் கொண்டான் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். இராசேந்திர சோழன் என ஒரே மூச்சில் விடை பகர்வர்; 1025ஆம் ஆண்டு என்பதையும் கூட்டிச் சொல்வர். "அவன் தந்தை, கடாரத்தரசன் பெயரால் நின்ற பௌத்தப் பள்ளிக்கு ஓர் ஊரையே கொடுத்தானே, அவ்வூர் எது?" எனின் விழிப்பர். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. கொண்டதை மட்டும் சரித்திரமென்று கற்பிக்கும் உபாத்தியாயர்களையே நாம் நொந்துகொள்கிறோம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்று தோட்டத்துக் கிராணி வேலை பார்க்கும் நமக்கு இதில் என்ன அக்கறை என்பீர். ஒரு பக்கம் எழுதி மறு பக்கம் விடுவதை எம் தொழிலில் பொய்க்கணக்கு என்போம்.

கடாரத்தரசன் மாரவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுப்பித்தான். தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய இராசராசன், 1006ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலத்தை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். தந்தைக்குப் பின் அக்கொடையைச் செப்பேட்டில் நிலைநிறுத்தியவன் யார்? கடாரங் கொண்ட அதே இராசேந்திரன்தான்! சைவப் பிள்ளைக்குப் பௌத்தம் எதற்கென்று முகஞ்சுளிக்கும் பெரியோர், இராசராசனைவிடத் தாம் பெருஞ் சைவரோ?

நிற்க. பௌத்தர் தானத்தைக் கற்பிக்கும் அழகையும் காண்போம். "பிக்குகள் பிச்சையெடுத்து உண்பர்." அவ்வளவே பாடம். உழையாத சோம்பேறிகள் என்று பிள்ளை முடிவு கட்டிவிடுகிறது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் தாயின் பிள்ளை வேறென்ன நினைக்கும்? உண்மை வேறு. பிக்கு வாய்திறந்து கேட்பதில்லை, இன்னது வேண்டுமெனத் தெரிவதில்லை, நண்பகலுக்குப்பின் உண்பதில்லை, நாளைக்கென்று சேர்ப்பதுமில்லை. இட்டதைப் பெறுகிறார், இட்டவர்க்கு அறம் உரைக்கக் கடமைப்படுகிறார். கெடாவிலும் கிளந்தானிலும் உள்ள சயாம் விகாரங்களில் இதனை நேரிலே காணலாம்.

நம் மணிமேகலையோ இன்னும் ஒருபடி மேலே போகிறாள். ஆதிரை இட்ட முதற் பிச்சையோடு அமுதசுரபியை ஏந்தி, பசித்த ஏழைகட்கெல்லாம் சோறிடுகிறாள். அவள் வேண்டியபடி அரசன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறான். ஐம்பெருங் காப்பியப் பெயர்களைப் பரீட்சைக்கு நெட்டுருப் போடும் பிள்ளைக்கு இக்கதை தெரியாது. சிறை அறச்சாலையான கதையைச் சொல்ல அரை மணி நேரம் போதாதா?

உபாத்தியாயர்களே, மெர்போக்கில் உள்ள பூசாங் பள்ளத்தாக்குக் காட்சிசாலைக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். பௌத்தச் சின்னமும் இந்துச் சின்னமும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஆண்டுதோறும் பத்துமலைக்குப் பஸ் பிடிக்கத் தெரிந்த நமக்குக் கெடா தூரமா?