ஒரு சாண் கட்டைக்கு ஈட்டி எதற்கு?

தோல்வேலை கற்கத் தொடங்கும் மாணவர்களுக்குத் தரப்படும் கருவிப் பட்டியல்களில், விளிம்பை மெருகிடும் கட்டைக்கு நேரே லிக்னம் விட்டே, கோகோபோலோ, ரோஸ்வுட், கருங்காலி என்னும் பெயர்களே பெரும்பாலும் காணப்படுகின்றன. இந்தியாவில் கற்பிப்போர் இப்பட்டியலை அப்படியே வழிமொழிவது தேவையற்றது. இன்றைய நிலையில் பொறுப்பற்றதும்கூட என்பது என் கருத்து.

முதலில் அக்கட்டை செய்யும் பணியை நோக்குவோம். தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலின் வெட்டு விளிம்பைச் சற்றே நனைத்து, கட்டையில் கடைந்த பள்ளத்தில் பொருத்தி விரைந்து தேய்க்கிறோம். அழுத்தமும் உராய்வுச் சூடும் சேர்ந்து, பிசிறி நிற்கும் நார்களைப் படியவைத்து இறுக்குகின்றன. குரோமியத்தால் பதனிட்ட தோல் இவ்வாறு எளிதில் படிவதில்லை. எவ்வளவு விலையுயர்ந்த மரமும் அக்குறையை நீக்காது. ஆக, கட்டையிடம் நாம் வேண்டுவன நான்கே: பள்ளம் விரைவில் தேயாத கடினம், நாரை இழுக்காத வழவழப்பு, ஈரத்தில் வெடிக்காத உறுதி, தோலில் சாயம் இறக்காத இயல்பு. அருமை என்பது இந்நான்கில் ஒன்றன்று.

லிக்னம் விட்டேயின் சிறப்பை நான் மறுக்கவில்லை. நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமும், தானே மசகிடும் பிசினும் கொண்ட மரம் அது. ஆனால் அதன் பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் 2-ஆம் பின்னிணைப்பில் உள்ளது. நம் ஈட்டி மரம் அடங்கிய தால்பெர்ஜியா பேரினமும் 2017 சனவரி முதல் அவ்வுடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் முழுமையாக வந்துவிட்டது. “சிறு துண்டுதானே, பட்டறைக் கழிவுதானே” என்பது வழக்கமான விடை. கழிவும் எங்கோ நின்ற ஒரு மரத்தின் பகுதியே. அது எங்கே, யாருடைய இசைவோடு வெட்டப்பட்டது என்னும் சான்று துண்டோடு சேர்ந்து வருவதில்லை. அதே பேரினத்துச் சிசு மரம் வட இந்தியாவில் பரவலாக நட்டு வளர்க்கப்படுவதால், வாங்கிய இடம் தெரிந்தால் அதனைப் பயன்படுத்துவதில் எனக்குத் தடையில்லை.

எனினும் அதனினும் அருகிலேயே விடை இருக்கிறது. கோலாப்பூர்ச் செருப்புக்கான தோலைக் கருவேலம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுவது மரபு. தோலைப் பதப்படுத்தும் பட்டையைத் தந்த கருவேலமரமே ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் வைரம் பாய்ந்த கட்டையையும் தந்தது. அதன் அடர்த்தி ஈட்டியினதற்கு ஏறத்தாழ இணையானது. தோலுக்கும் மரத்துக்கும் உள்ள இவ்வுறவு நம் பாடத்திட்டங்களில் இடம்பெறாதது வியப்புக்குரியது.

அடுத்தது சீமைக்கருவேலம். கட்ச் முதல் இராமநாதபுரம் வரை மேய்ச்சல் நிலங்களையும் நீர்நிலைகளையும் கவர்ந்து, அகற்ற வேண்டிய மரமென்று பெயர்பெற்றது. அடுப்புக்கும் கரிமூட்டத்துக்குமே பெரும்பாலும் போகும் அதன் வைரப்பகுதி கடினமானது. ஈரத்தில் சுருங்குவதும் விரிவதும் குறைவு. கோணல்மாணலாக வளர்வதால் நீண்ட பலகை கிடைக்காது என்பதே தச்சர் கூறும் குறை. நமக்கு வேண்டியதோ ஒரு சாண் கட்டை!

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இவ்விரு மரங்களின் நுண்துளைகள் கருங்காலியினவற்றைவிடப் பெரியவை. ஆகவே பள்ளத்தை நுண்ணிய உப்புத்தாளால் இழைத்து, தேன்மெழுகை ஏற்றித் துளைகளை அடைக்க வேண்டும். வெளிறிய புறமரத்தை நீக்கிவிட வேண்டும். அதில் வண்டு துளைக்கும். நிழலில் மாதக்கணக்கில் உலர்த்தாத கட்டையைக் கடையக் கூடாது. நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, நிறம் ஒட்டினால் வெளிர்நிறத் தோலுக்கு அக்கட்டையைத் தவிர்க்க வேண்டும்.

இதைக் கருவித் தேர்வு பற்றிய சிறு செய்தியாக மட்டும் நான் கருதவில்லை. அரிய மரக் கருவியே தரமானது என்று கற்பிக்கும்போது, கையிலிருக்கும் கருவேலங்கட்டையால் தலைமுறைகளாக வேலை செய்வோரின் அறிவைத் தரத்துக்குக் கீழே வைத்துவிடுகிறோம். தோல்தொழிலையும் அதைச் செய்வோரையும் இச்சமூகம் நெடுங்காலம் தாழ்த்தியே வைத்திருக்கிறது. அத்தாழ்வுக்குக் கல்விக்கூடங்கள் புதிய காரணம் ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

தோல் வடிவமைப்பு கற்பிக்கும் நண்பர்கள் அடுத்த பருவத்தில் ஆயத்தக் கருவி வாங்குவதற்கு முன், மாணவர்களை ஒரு விறகுக்கடைக்கும் கடைசல் பட்டறைக்கும் அனுப்பிப் பாருங்கள். ஒரே தோல்துண்டின் ஒரு விளிம்பை ஈட்டியாலும் மறுவிளிம்பைச் சீமைக்கருவேலத்தாலும் தேய்க்கச் சொல்லுங்கள். வேறுபாட்டைத் தடவிப் பார்த்து அவர்களே எழுதட்டும்.